நடந்தும் நகராத நடை

நடப்பதற்குப் பணம் கொடுக்க வேண்டிய காலம் ஒன்று வரும் என்று நம்முடைய பாட்டனாரிடம் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று தீர்மானித்து, ஒரு செம்பு நீர்மோர் கொடுத்து அனுப்பியிருப்பார். திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காட்டில் அவருக்கு ஒரு கிணறும் ஓர் ஏற்றமும் இருந்தன. ஏற்ற மரத்தின்மேல் ஏறி, விடியற்காலையிலிருந்து வெயில் உறைக்கும் வரையில் முன்னும் பின்னுமாக மிதிப்பார். கீழே ஒருவர் சாலைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். கணக்குப் பார்த்தால் தினந்தோறும் பல மைல் நடந்திருப்பார். கிணற்றடியை விட்டு ஓரடிகூட நகர்ந்திருக்க மாட்டார்.

ஆகையால், நின்ற இடத்திலேயே நடப்பது என்பது ஏதோ மேல்நாட்டார் கண்டுபிடித்த அதிசயம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். பாட்டனார் நடந்த நடையினால் மிளகாய்த் தோட்டத்துக்கு நீர் பாய்ந்தது. அவருடைய பேரனாகிய நாம் மதுரையில் நம் வீட்டுக் கூடத்தில் நடக்கும் நடையினால் மின்சார வாரியத்துக்கு வருமானம் பாய்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

டிரெட்மில் என்று எல்லோரும் சொல்லும் நடை யந்திரத்தைப் பற்றித்தான் பிரஸ்தாபிக்கிறோம். ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகச் சரித்திரம் போதித்து வருகிறவர் கையில் ஒரு யந்திரம் அகப்பட்டால், அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்காமல் விடுவாரா? விசாரித்தோம். விசாரித்த பிறகு அதன்மேல் கால் வைக்கவே சற்றுக் கூச்சமாயிருந்தது. ஏனெனில் அது பிறந்த இடம் சிறைச்சாலை!

1818-ம் வருஷத்தில் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர், சிறையில் சும்மா இருக்கும் கைதிகளுக்கு வேலை கொடுக்க ஒரு யுக்தி செய்தார். பிரம்மாண்டமான உருளை ஒன்றைச் சுற்றிலும் படிகள். கைதிகள் வரிசையாக நின்று படியேறுவார்கள். படி கீழே இறங்கிக் கொண்டேயிருக்கும். 1821-ல் லண்டனில் பிரிக்ஸ்டன் சிறையில் இப்படி ஒன்று வைத்தார்கள். சில சிறைகளில் இந்த உருளை மாவரைத்தது. வேறு சிலவற்றில் வெறும் காற்றைத்தான் அரைத்தது. 1895-ல் தண்டனை பெற்ற ஆஸ்கார் வைல்டு என்ற பிரபல ஆசிரியரும் இதில் ஏறி மிதித்தவர்தாம். 1898-ல் சட்டம் கொண்டுவந்துதான் ஆங்கிலேயர் இந்தக் கொடுமைக்கு முடிவு கட்டினார்கள். அதற்குப் பத்து வருஷத்துக்குப் பிறகு, 1908-ல் தண்டிக்கப்பட்ட நமது வ. உ. சிதம்பரம் பிள்ளையைக் கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுக்க வைத்தார்கள் என்பதை நாம் ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்லும்போது, பின் பெஞ்சுப் பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

சிறையிலிருந்த யந்திரம் ஆஸ்பத்திரிக்கு வந்தது 1952-ல். அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் என்ற டாக்டரும், வெய்ன் குவின்டன் என்ற எஞ்சினீயரும் சேர்ந்து, இருதயத்தின் பலத்தைப் பரீட்சிக்க மோட்டாரினால் ஓடும் நடைபட்டையை உபயோகித்தார்கள். இன்றைக்கும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் டி.எம்.டி. என்று செய்கிறார்களே, அந்தப் பரீட்சைதான். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடிக்கொண்டே போகும் அந்த முறைக்குப் புரூஸ் டாக்டரின் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு 1968-ல் கென்னத் கூப்பர் என்ற டாக்டர் ஏரோபிக்ஸ் என்று ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற எஞ்சினீயர், சாமானிய ஜனங்களின் வீட்டுக்கு ஏற்ற யந்திரம் இல்லையே என்று தாமே ஒன்றைச் செய்தார். அவர் 2012-ல் தமது 96-வது வயதில் காலமானார். தாம் விற்ற சரக்கைத் தாமே உபயோகித்த வியாபாரி!

நிற்க. இந்த யந்திரம் நம் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

நமக்கு வயது 46. சென்ற வருஷம் பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறுகையில் மார்பில் ஏதோ பிடித்தாற்போல் இருந்தது. டாக்டர் நம்மை மேற்படி புரூஸ் பரீட்சைக்கு ஆளாக்கினார். இருதயம் தேறிவிட்டது; சர்க்கரைதான் எல்லைக்கோட்டில் நின்றது. "தினம் அரை மணி நேரம் வேகமாக நடவுங்கள், ஜிகர்தண்டா இருக்கும் திசையைப் பார்க்காதீர்கள்" என்றார்.

நடப்பதற்கு மதுரையில் இடமா இல்லை? வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இருக்கிறது. திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டுவித்தது. ஒரு பக்கம் ஏறக்குறைய 305 மீட்டர், மற்றொரு பக்கம் 290 மீட்டர். ஒரு சுற்றுச் சுற்றினால் கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். மூன்று சுற்று வந்தால் டாக்டர் சொன்ன கணக்கு முடிந்தது. நாம் பதினொரு நாள் சுற்றினோம். பன்னிரண்டாம் நாள் மழை. பதின்மூன்றாம் நாள் ஒரு நாய். அதற்குப் பிறகு அரைப் பரீட்சைப் பேப்பர்கள். இதற்கிடையில் கூட நடந்த சிநேகிதர்கள் ஒவ்வொரு நாளும் மூன்றாவது சுற்றின் முடிவில் பொங்கல் வடைக்கு அழைத்துச் சென்றபடியால், பதினொரு நாளில் நம் எடை ஒரு கிலோ கூடியிருந்தது.

ஆகவே, வீட்டிலேயே நடப்பது என்று தீர்மானித்தோம். யாரையும் கலந்து ஆலோசிக்கவில்லை. கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு யந்திரத்தைத் தட்டிக் காட்டி, "நாலு குதிரைசக்தி ஸார்!" என்றார். நாலு குதிரை பூட்டிய ரதத்தில் ஏறப்போகும் பார்த்திபனைப்போல நாம் பூரித்துப்போய் 24,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்த நாலு குதிரையும் ஒரு கணம் மட்டும் கனைக்கிற குதிரைகள்! மோட்டார் உச்சத்தில் ஒரு நொடி காட்டக்கூடிய சக்தி அது. ஓயாமல் ஓடும்போது அதற்கு இருந்த சக்தி ஒரு குதிரைக்கு மேல் இல்லை. அந்த ஒன்றும் பஞ்சகாலத்துக் குதிரை. பட்டையோ ஒரு மீட்டர் நீளம். சற்றுக் காலை வீசிப் போட்டால் பின்பக்கம் தரை வந்துவிடும். பட்டை கிறீச்சிட்டபோது, சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து விட்டோம். அந்த அபசாரத்தை யாரும் செய்ய வேண்டாம். அதற்கென்று சிலிகான் எண்ணெய் இருக்கிறது என்பதைப் பட்டை வழுக்கிக் கருகல் வாசனை வந்த பிறகு தெரிந்துகொண்டோம்.

மூன்று வாரத்தில் அந்த யந்திரம் நம் வேஷ்டிகளை உலர்த்தும் கொடியாகப் பதவி உயர்வு பெற்றது.

இவ்வளவோடு போயிருந்தால், ஏமாந்த உபாத்தியாயர் ஒருவரின் கதை என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மார்கழி மாதத்தில் ஒரு நாள் இன்ஷ்யூரன்ஸ் ரசீதைத் தேடிக்கொண்டிருந்தபோது, பஞ்சாங்கத்தின் நடுவிலிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. இரத்தப் பரிசோதனைச் சீட்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.1 சதவிகிதம் என்று போட்டிருந்தது. 6.5 தொட்டாலே நீரிழிவு என்பது நமக்குத் தெரியும். தேதியைப் பார்த்தோம், எட்டு மாதத்துக்கு முந்தியது. பெயரைப் பார்த்தோம், நம்முடைய பெயர் அல்ல. நம் மனைவியின் பெயர்.

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம். கோபமாகத்தான் கேட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவள் வாழைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சொல்லி என்ன ஆகப்போகிறது? மாத்திரை எழுதிக் கொடுத்தார்; சாப்பிடுகிறேன். தினம் அரை மணி நடக்கச் சொன்னார். விடியற்காலை ஐந்து மணிக்கு நான் தெப்பக்குளத்தைச் சுற்றினால், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் டப்பாவில் சோறு கட்டுவது யார்? ராத்திரி பத்து மணிக்குத்தான் எனக்கு வேலை ஓய்கிறது. அந்த நேரத்தில் கழுத்தில் சங்கிலியோடு தனியாகத் தெருவில் நடக்க நீங்கள் விடுவீர்களா, நான்தான் போவேனா?"

"நாள் முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டுதானே இருக்கிறாய்?" என்றோம். இருபது வருஷம் பாடம் சொன்ன வாய், சும்மா இருக்கவில்லை.

"அதைத்தான் டாக்டரிடம் நானும் சொன்னேன். அடுப்புக்கும் தொட்டிக்கும் நாலடி நடப்பதில் கால் வலிக்கும். நெஞ்சு வேகமாக அடிக்காது. தொடர்ந்து நடந்தால்தான் கணக்கு என்றார். இந்த யந்திரம் வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீங்கள் இல்லாத நேரத்தில் இரண்டு தடவை ஏறினேன். கைப்பிடி எட்டவில்லை. ஆட்டம் கண்டது. பயந்து இறங்கிவிட்டேன். மறுநாள் பார்த்தால் அதன்மேல் உங்கள் வேஷ்டி கிடந்தது."

நாம் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? நமக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றதற்கு ஊரைக் கூட்டினோம். அவளுக்கு எல்லையைத் தாண்டி எட்டு மாதம் ஆகியிருந்தது; அது பஞ்சாங்கத்துக்குள் கிடந்தது. கைதி ஏறிய உருளையைப் பற்றி வகுப்பில் பரிதாபப்பட்டுப் பேசும் நாம், நம் வீட்டில் ஒருத்தி ஓயாமல் மிதித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

இது நம் வீட்டுச் சங்கதி மட்டும் அல்ல. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆய்வு, தேசத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறது. நடை இதற்கு எப்படி உதவுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வேலை செய்யும் தசைநார், இன்ஸுலினின் தயவை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது. நடை நின்ற பிறகும் பல மணி நேரம் இன்ஸுலின் சொன்னதைக் கேட்கும் குணம் அதற்கு இருக்கிறது. ஆனால் ஓரிரண்டு நாளில் அந்தக் குணம் தேய்ந்துவிடும். அதனால்தான் இரண்டு நாளைக்கு மேல் தொடர்ச்சியாக ஓய்வு விடக்கூடாது என்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வகுத்த விதிப்படி, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரையில் மிதமான தேகாப்பியாசம் வேண்டும். அரை மணி வீதம் ஐந்து நாள் என்றால் 150 ஆகிவிடும்.

பழைய யந்திரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தை மாதத்தில் மறுபடி கடைக்குப் போனோம். இந்தத் தடவை அவள் முன்னால் நடந்தாள். நாம் பை தூக்கினோம். அவள் விசாரித்த விதத்தை அப்படியே எழுதுகிறோம். வாங்க நினைக்கும் குடும்பங்களுக்குப் பிரயோஜனப்படும்.

முதலாவது, மோட்டார். "உச்ச சக்தி வேண்டாம், தொடர்ந்து ஓடும்போது எத்தனை குதிரைசக்தி?" என்று கேட்டாள். நடப்பதற்கு மட்டும் என்றால் ஒன்றரை முதல் இரண்டு போதும். ஓடுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இரண்டரை, மூன்று வேண்டும். இரண்டாவது, பட்டை. நடப்பவர்களுக்கு 120 சென்டிமீட்டர் நீளமும் 42 முதல் 45 சென்டிமீட்டர் அகலமும் இருந்தால் கால் பயப்படாது. ஓடுகிறவர்களுக்கு நீளம் 140-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மூன்றாவது, தாங்கும் எடை. வீட்டிலேயே அதிக எடையுள்ளவருடைய எடைக்கு மேல் 20 கிலோவாவது கூடுதலாகத் தாங்க வேண்டும். அந்தக் கேள்வியின்போது அவள் நம்மைத் திரும்பிப் பார்த்தாள்.

நான்காவது, கைப்பிடியும் பொத்தான்களும் வீட்டிலே குள்ளமானவருக்கு எட்ட வேண்டும். ஐந்தாவது, பலகையின் அடியில் முழங்காலுக்கு அதிர்ச்சி தெரியாதபடி மெத்தென்ற தாங்கல் இருக்க வேண்டும். ஆறாவது, முன்பக்கம் உயர்த்தும் வசதி. வேகத்தைக் கூட்டாமல் சற்று ஏற்றத்தில் நடந்தால் உழைப்பு கூடும். ஓட முடியாதவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். பாட்டும் படமும் காட்டும் திரைக்குக் கடைக்காரர் ஐயாயிரம் ரூபாய் அதிகம் கேட்டார். "நடக்கும்போது நான் சீரியல் பார்க்க மாட்டேன்" என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டாள்.

எல்லாம் கேட்ட பிறகு, கடையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து கான்வாஸ் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நடந்து பார்த்தாள். 43 வயதில் அவள் ஷூ போட்டது அதுவே முதல் தடவை. கடைப் பையன் சிரித்தான். அவள் லட்சியம் செய்யவில்லை. பழுது பார்க்க ஆள் மதுரையிலேயே இருக்கிறாரா, வெளியூரிலிருந்து வர வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பணத்தை எடுத்தாள்.

வீட்டில் வைப்பதற்கும் சில விதிகள் உண்டு. பின்பக்கம் ஆறடியும், இருபுறமும் இரண்டடியும் காலியாக இருக்க வேண்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பது அலுப்பாயிருக்கிறதே என்று சுவருக்கு முதுகு காட்டி வைக்கலாகாது. தவறி விழுந்தால் பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்ள நேரும். மூன்று முள் உள்ள 16 ஆம்பியர் பிளக்கும், ஒழுங்கான எர்த்தும் வேண்டும். மின்சாரம் ஏறி இறங்கும் தெருவானால் ஸ்டெபிலைஸர் அவசியம். கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு குதிரைசக்தி மோட்டார் முழுப் பலத்தோடு அரை மணி ஓடினாலும் ஏறக்குறைய முக்கால் யூனிட்தான். நடைக்கு அவ்வளவும் ஆகாது.

குழந்தைகள் உள்ள வீட்டில் இதை விளையாட்டுச் சாமானாக நினைக்கக்கூடாது. அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்து, இன்னும் பல விபத்துக்களும் நேர்ந்ததால், 2021-ல் ஒரு கம்பெனி தான் விற்ற சுமார் 1,25,000 யந்திரங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. யந்திரத்தோடு சிவப்புச் சாவி ஒன்று கயிற்றோடு வரும். நடப்பவர் அதை உடையில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் சாவி கழன்று பட்டை நின்றுவிடும். நடக்காத வேளையில் அந்தச் சாவி நம் வீட்டில் அஞ்சறைப் பெட்டியில், வெந்தயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் பட்டையில் சிக்கக்கூடியவை. தழையத் தழைய உடுத்திக்கொண்டு ஏறக்கூடாது.

இனி, நடக்கும் முறை. முதல் ஐந்து நிமிஷம் கோயில் பிராகாரம் சுற்றுகிற வேகம். பிறகு மணிக்கு 4 முதல் 5.5 கிலோமீட்டர். கடைசி ஐந்து நிமிஷம் மறுபடி மெதுவாக. வேகம் சரிதானா என்று பார்க்க எளிய பரீட்சை ஒன்று உண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடந்தால் உழைப்பில் ஒரு பங்கைக் கைப்பிடி தின்றுவிடும். எவ்வளவு கலோரி எரிந்தது என்று திரை சொல்வதை நம்பி ஒரு ஜாங்கிரியை உள்ளே தள்ளக்கூடாது. அது முகஸ்துதி செய்கிற திரை. இருதய நோய் உள்ளவர்களும், வெகு நாளாக உடம்பை அசைக்காதவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். நீரிழிவுக்காரர்கள் வெறுங்காலோடு ஏறக்கூடாது. இரவில் பாதத்தைத் தடவிப் பார்த்துக் கொப்புளம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ இன்ஸுலினோ எடுத்துக்கொள்பவர்கள், தலை சுற்றினால் வாயில் போட்டுக்கொள்ளச் சிறிது சர்க்கரையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.

இவ்வளவும் சொன்னோமேயொழிய, எல்லோரும் இதை வாங்கித்தான் தீர வேண்டும் என்று சொல்ல மாட்டோம். காந்தி மகான் 1930-ல் தமது 60-வது வயதில் தண்டிக்கு நடந்தது சுமார் 385 கிலோமீட்டர். 24 நாளில் நடந்தார். அதே வருஷம் ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். மண்ணில் நடப்பதற்கு ஈடு கிடையாது. வீதியும் நேரமும் வாய்த்தவர்கள் வீதியில் நடக்கட்டும். ஆனால் வாய்க்காதவர்கள் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். யந்திரம் யாருக்காக என்று முதலில் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போனால், நாம் இழந்த 24,000 ரூபாயில் பெரும்பகுதி மற்றவர்களுக்கு மிஞ்சும்.

அவள் இப்போது இரவு எட்டரை மணிக்கு, சாப்பாடு ஆனதும் சற்று ஓய்ந்து, நடக்கிறாள். பத்து மணி எட்டரை ஆனதற்குக் காரணம் யந்திரம் அல்ல. பாத்திரம் தேய்ப்பதும், மறுநாளைக்குக் காய் நறுக்குவதும் நம் இலாகாவுக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. ஆறு மாதத்துக்குப் பிறகு எடுத்த சீட்டில் 9.1 என்பது 7.4 ஆகியிருந்தது. மாத்திரைக்கும் சோற்றைக் குறைத்ததற்கும் அதில் பங்கு உண்டு. டாக்டர் ஏழுக்குக் கீழே வர வேண்டும் என்கிறார். அந்தச் சீட்டு இப்போது பஞ்சாங்கத்தில் இல்லை. கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், "தெப்பக்குளத்துக்குப் போகலாமா?" என்று அவளே கேட்டாள். போனோம். முதல் சுற்றில் சேர்ந்து நடந்தோம். இரண்டாவது சுற்றில் அவள் பத்தடி முன்னால் இருந்தாள். மூன்றாவது சுற்றில் மைய மண்டபத்துக்கு நேரே வந்தபோது நமக்கு மூச்சு வாங்கிற்று; கற்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டோம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "பேச முடிகிறதா?" என்று கேட்டாள்.

தலையை மட்டும் ஆட்டினோம்.